திவால் சட்டப் பக்கம் நான் வந்த கதை

சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்து முதல் எட்டு மாதம் கார்ப்பரேட் டீமில் இருந்தேன். டியூ டிலிஜன்ஸ்தான் வேலை, அதாவது ஒரு கம்பெனியின் பத்திரங்களை அலசிப் பார்ப்பது. குத்தகைப் பத்திரம், கடன் ஒப்பந்தம் என்று கட்டுக்கட்டாகப் படித்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது, அதற்கு நன்றி உண்டு. ஆனால் அதில் கையெழுத்துப் போட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் திவால் வழக்குகள் பார்க்கும் டீமில் ஆள் போதவில்லை என்று என்னை அனுப்பினார்கள். அடுக்குமாடி கட்டிவந்த ஒரு கம்பெனி நொடித்துப்போயிருந்தது. என்சிஎல்டி, அதாவது கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயம், நியமித்த ரெசல்யூஷன் புரொஃபஷனலுக்கு (திவால் நடைமுறையில் கம்பெனியை நிர்வகிப்பவர்) நாங்கள் வக்கீல். வீடு வாங்கியவர்கள் தங்களுக்கு வர வேண்டிய தொகையைக் கேட்டுக் கொடுக்கும் ஃபார்ம் சிஏ என்ற படிவங்களை அவருக்காகச் சரிபார்ப்பது என் பொறுப்பு. 2018-ல் திவால் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அவர்களும் வங்கிகளைப் போலவே நிதிக் கடன் கொடுத்தவர்கள். கம்பெனியை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் கடன் கொடுத்தோர் குழுவில் பிரதிநிதி மூலம் ஓட்டு உண்டு. கட்டிய தொகையோடு, வேறு விகிதம் பேசியிராவிட்டால் ஆண்டுக்கு 8 சதவீத வட்டியும் சேர்த்துத்தான் அந்த ஓட்டின் அளவு. அதனால் ஒரு ரசீது விட்டுப்போனாலும் ஓட்டு குறையும்.

ஒரு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். உள்ளே பதினோரு ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு. அதில் மூன்று வெள்ளைத் தாளாகவே ஆகியிருந்தன, எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. "இது செல்லுமாம்மா?" என்றார். பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லி, தேதி வாரியாக ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டை மறந்தே போனேன். மூன்று தொகையும் பாஸ்புக்கில் இருந்தன. முழுத் தொகையும் ஏற்கப்பட்டது.

அடுத்த வாரமே பார்ட்னரிடம் போய், "இந்த டீமிலேயே இருக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். எந்தத் துறைக்கு மார்க்கெட் இருக்கிறது என்று நண்பர்கள் நிறையச் சொன்னார்கள். சரிதான், சம்பளமும் முக்கியம்தான். ஆனால் எந்த ஃபைல் வீட்டுக்குப் போன பிறகும் மனதில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள், அதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே வருத்தமும் உண்டு. இந்த நடைமுறையை 330 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும் பல வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன. கிளம்பும்போது அந்த ஆசிரியர், "வீடு எப்போம்மா கிடைக்கும்?" என்று கேட்டார். தேதி சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த ஹியரிங் தேதியைத்தான் எழுதிக் கொடுத்தேன்.