‘ஹீட்டர் கோர்’ என்பதற்கு ‘வெந்நீர்க்கூடு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காரில் ஹீட்டரைப் போட்டாலும் குளிர்ந்த காற்றே வரும் பழுதைப் பற்றிய நம் கையேட்டில், ‘ஹீட்டர் கோர்’ என்னும் உறுப்புக்கு ‘வெப்பக் கரு’, ‘வெப்பச் சுருள்’, ‘வெப்பப் பரிமாற்றி’ என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. வேலூர் வெயிலில் ஹீட்டரைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று ஆற்காட்டு ஐயா கேட்டிருந்தார். மார்கழி விடியலில் ஏலகிரி மலையேறும்போது பனித்துப்போகும் முன்கண்ணாடியைத் தெளியவைக்க வெப்பக் காற்று வேண்டும். அதைவிட முக்கியமாக, கம்மவான்பேட்டை முதலிய நம் ஊர்களிலிருந்து ராணுவத்தில் சேர்ந்து, காஷ்மீரிலும் லடாக்கிலும் உறைபனியில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தக் கையேடு போய்ச் சேர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆகவே, சொல்லின் அழகைக் காட்டிலும், அதைப் படித்தவர் எந்த இடத்தில் கை வைப்பார் என்பதை அளவுகோலாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த உறுப்பு தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. எஞ்சினைக் குளிர்விக்க அதனுள் ஓடிச் சூடேறிய கூலன்ட் என்னும் நீர்மத்தில் ஒரு பகுதி, எஞ்சின் அறையையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தடுப்பைக் கடந்து செல்லும் ஓஸ் (ரப்பர் குழாய்) வழியாக டேஷ்போர்டுக்குள் வந்து, மெல்லிய குழாய்களும் தகடுகளும் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒரு சிறு ரேடியேட்டரின் ஊடே சென்று, இன்னொரு ஓஸ் வழியாக எஞ்சினுக்கே திரும்புகிறது. புளோயர் என்னும் விசிறி தள்ளும் காற்று அந்தத் தகடுகளின் இடையே புகுந்து வரும்போது சூடாகிறது. அந்தச் சிறு ரேடியேட்டரைத்தான் ஹீட்டர் கோர் என்கிறோம்.

‘கரு’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் தோன்றுவது பிறப்பிடம். வெப்பக் கரு என்று படித்தவர், வெப்பம் அங்கேதான் பிறக்கிறது, குளிர்ந்த காற்று வந்தால் பழுதும் அங்கேதான் இருக்கும் என்று எண்ணி, பல வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்கிச் செய்ய வேண்டிய வேலையை முதல் வேலையாகத் தொடங்கிவிடுவார். ‘சுருள்’ என்பது வாளியில் போடும் மின்சாரச் சுருளை நினைவூட்டி, ஃபியூஸைத் தேட வைக்கும். ‘வெப்பப் பரிமாற்றி’ அறிவியல்படி சரியான சொல்தான், பாடநூல்களிலும் வழங்குகிறது. ஆனால் ரேடியேட்டரும் ஏசியின் கண்டென்சரும் கூலிங் காயிலும்கூட வெப்பப் பரிமாற்றிகளே. ஒரே வண்டியில் நான்கு உறுப்புகளுக்குப் பொருந்தும் பெயரை, அவற்றுள் ஒன்றை மட்டும் சுட்டுவதற்குப் பயன்படுத்த முடியாது.

எனவே ‘வெந்நீர்க்கூடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். குழாயும் தகடுமாக அமைந்த அதன் வடிவத்தைக் ‘கூடு’ காட்டுகிறது. வெப்பம் வேறோர் இடத்திலிருந்து நீரோடு வருகிறது என்பதை ‘வெந்நீர்’ காட்டுகிறது. கூலன்ட் வெறும் நீர் அன்று, எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர்மம் என்ற மறுப்பு எழலாம். பொதுவாகப் பயன்படும் கலவையில் ஏறத்தாழ பாதி தண்ணீரே. அதைச் சுற்றிவரச் செய்யும் பம்பை ‘வாட்டர் பம்ப்’ என்றே எல்லாப் பட்டறைகளிலும் சொல்கிறார்கள் என்பதால், இந்த நெகிழ்ச்சி நம் சொல்லுக்கும் தகும். மின்சாரக் கார்களில் காற்றை நேரடியாகச் சூடாக்கும் மின்னுறுப்புக்கு இச்சொல் பொருந்தாது. அதற்கு ‘மின்சூடேற்றி’ எனத் தனிப்பெயர் இருப்பதே நல்லது.

இச்சொல்லை வைத்துக்கொண்டு பழுது தேடும் முறையை எழுதிப் பார்த்தேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது முதலில் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கூலன்ட் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கக்கூடும், மூடி திறந்த நொடியில் பீறிட்டு முகத்திலும் கையிலும் தெறிக்கும். அளவு சரியாக இருந்தால், எஞ்சினை வழக்கமான சூட்டுக்கு வரவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வெந்நீர்க்கூட்டுக்குப் போகும் ஓஸையும் திரும்பும் ஓஸையும், சுழலும் விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல், எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் வெந்நீர் கூட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பழுது பெரும்பாலும் காற்று வரும் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் கூடு அடைத்திருக்கலாம், அல்லது வெந்நீரை விடும் வால்வு மூடியிருக்கலாம். இரண்டுமே சூடாகவில்லை என்றால் கூட்டை விட்டுவிட்டு எஞ்சின் பக்கம் போக வேண்டும்: குழாயில் காற்று அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் பழுதாகியிருக்கலாம், எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். இனிப்பான வாசனையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்து, காலடி விரிப்பும் நனைந்திருந்தால், ‘கூடு ஒழுகுகிறது’ என்று இரண்டே சொல்லில் எழுதிவிடலாம்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாக எழுதியாக வேண்டும். அதனுள்ளே இருக்கும் மெழுகு, பெரும்பாலான வண்டிகளில் 80 முதல் 90 பாகைக்குள் சூடேறி விரிந்து வழியைத் திறந்துவிடுகிறது. நம் பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றில், எஞ்சின் கொதித்துவிடும் என்ற அச்சத்தால், ‘இந்த ஊருக்கு அது வேண்டாம்’ என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. அப்படிக் கழற்றிய வண்டியில் கூலன்ட் தொடக்கம் முதலே ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டிருப்பதால், எஞ்சின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகிறது, டீசலும் பெட்ரோலும் வீணாகின்றன, மலைப்பாதைக் குளிரில் ஹீட்டர் வெறும் காற்றையே ஊதுகிறது. ஓடும்போது வெப்பநிலை முள் ஏறாமல் கீழேயே நிற்பது இதற்குத் தெளிவான அடையாளம். ‘தெர்மோஸ்டாட்’ என்ற பெயர் பட்டறைகளில் வேரூன்றிவிட்டதால், அதை மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம்.

வெந்நீரை விடும் வால்வுக்கு ‘வெந்நீர் மதகு’ என்று சொல்லலாம். காவேரிப்பாக்கம் ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு செய்யும் வேலையைத்தான் இந்த வால்வும் செய்கிறது. ஏரிப் பாசனத்தில் வளர்ந்த நம் வட ஆற்காட்டு வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் இந்த மதகு இல்லை, கூட்டில் வெந்நீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் அருகிலேயே எழுத வேண்டும்.

அத்தகைய வண்டிகளில் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும், கூட்டின் ஊடே வரும் காற்றையும் அதைச் சுற்றி வரும் காற்றையும் கலந்துவிடும் ‘பிளெண்ட் டோர்’ செய்யும் வேலை. அதை அசைக்கும் சிறு மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்தாலும் குளிர்ந்த காற்றே வரும். ‘கலப்புக் கதவு’ என்றால் வாசகர் கார்க் கதவை நினைத்துக்கொள்வார். ‘கலப்பு மடல்’ எனக்குச் சற்றுப் பொருத்தமாகப் படுகிறது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஏசி வேலை செய்பவர்களிடம் பழகும் நண்பர்கள், இந்த மடலை அவர்கள் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடமே ஒரு தமிழ்ச் சொல் புழங்குமானால், என் சொல்லை விலக்கிக்கொண்டு அதையே கையேட்டில் சேர்த்துவிடலாம்.