மூட்டுத் தேய்மானமும் விழும் அபாயமும்

கேள்வி: 72 வயதான என் அம்மாவுக்கு இரு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் உள்ளது. சென்ற வாரம் படி இறங்கும்போது வலது கால் திடீரென மடங்கி, கைப்பிடியைப் பற்றியதால் தப்பினார். வலி குறைந்தால் விழும் அபாயமும் நீங்கிவிடுமா?

பதில் 1: வலி ஒரு காரணம் மட்டுமே. தொடையின் முன்தசை வலுவிழப்பதோடு, மூட்டு இருக்கும் நிலையை மூளைக்கு உணர்த்தும் திறனும் மங்குவதால், கால் தடுமாறும் அந்த நொடியில் உடல் தன்னைத் தாங்கிக்கொள்ளத் தாமதமாகிறது. எனவே இயன்முறை மருத்துவரிடம் தசைப் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் கற்பது மிக அவசியம். வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் தசை மேலும் மெலியும்.

பதில் 2: கைத்தடியை வலி மிகுந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். என் அப்பா நெடுநாள் மாற்றிப் பிடித்தே நடந்தார் என்பது இன்றும் வருத்தமளிக்கிறது. படி இறங்கும்போது வலியுள்ள காலை முதலில் வையுங்கள்.

பதில் 3: தூக்க மாத்திரைகளும் சில வலி மாத்திரைகளும் தள்ளாட்டம் தரக்கூடும் என்பதால், எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.