355-ல் ஒருவர்: விழுங்கப்பட்ட ஒரு சொல்லைப் பற்றிய சண்டை

எழிலி:
மார்பக நீக்கத்துக்கு நாள் குறித்துவிட்டு, மறுசீரமைப்புக்கு இம்பிளான்ட் (மார்பகத்தின் இடத்தில் வைக்கும் செயற்கைப் பை) வைத்துக்கொள்ளலாமா என்று இந்தப் பக்கத்தில் கேட்ட ஒரு பெண்ணுக்குச் சான்றோன் நேற்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டார்: "இம்பிளான்ட் வைத்தவர்களில் 355-ல் ஒருவருக்கு அதனாலேயே புற்றுநோய் வருகிறது." நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்திலிருந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில் அந்த எண் இருக்கிறது. ஆனால் அங்கே கணக்கில் வந்த 3546 பெண்களுக்கும் வைத்தவை மிகவும் சொரசொரப்பான மேற்பரப்புடைய இம்பிளான்ட்டுகள். 'சொரசொரப்பான' என்ற சொல்லை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் நீட்டுவதற்குப் பெயர் பூச்சாண்டி காட்டுவது.

சான்றோன்:
3546 பேரில் 10 பேருக்கு நோய் வந்தது. வகுத்துப் பார்த்தால் 355-ல் ஒருவர்தான். வகுத்தல் கணக்கில் பிழை இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

எழிலி:
வகுத்தலை யாரும் குறை சொல்லவில்லை. யாரை எண்ணினார்கள் என்பதைத்தான் கேட்கிறேன். அந்த வகையைச் சேர்ந்த பயோசெல் இம்பிளான்ட்டுகளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வேண்டுகோளின்படி அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையிலேயே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று அறுவைக்குப் போகிறவருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது நியாயமா? போதாக்குறைக்கு, வருவது மார்பகப் புற்றுநோயும் அன்று. இம்பிளான்ட்டைச் சுற்றி உடல் கட்டும் உறையில் தோன்றும் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய். காலத்தோடு கண்டுபிடித்து, இம்பிளான்ட்டையும் உறையையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

மறுகரை:
லிம்போமா வந்தவர்கள் சிலர். கதிர்வீச்சுக்குப் பிறகு உறை இறுகிக் கல்லாகிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எழிலி ஏன் வாய் திறப்பதில்லை? எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டாம் ஆண்டிலேயே அதை எடுத்துவிட்டு, அடிவயிற்றுத் திசுவைக் கொண்டு மறுபடியும் அமைத்துக்கொண்டேன். போன மாதம் இதை எழுதியபோது "உங்கள் அனுபவம் ஆய்வாகாது" என்று மடக்கியவர், இன்று ஆய்வைக் காட்டினால் அதையும் மறுக்கிறார்.

எழிலி:
கதிர்வீச்சு உறை இறுக்கத்தைக் கூட்டும் என்பதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை; அன்றும் எழுதினேன், நீங்கள் அந்த வரியைத் தாண்டிப் படித்திருக்கிறீர்கள். எனக்கு முதலில் வைத்தது திசு விரிப்பான்; இம்பிளான்ட்டுக்கு இடம் உண்டாக்கத் தோலை மெல்ல மெல்ல விரிக்கும் தற்காலிகப் பை. வாரம் ஒருமுறை தோலின் மேல் சிறு காந்தத்தை நகர்த்தி, உள்ளே இருக்கும் ஊசி வாயைக் கண்டுபிடித்து, 60 மில்லி உப்புநீர் ஏற்றுவார்கள். அன்றிரவு மார்பில் வார்ப்பட்டை போட்டு இறுக்கியதுபோல் இருக்கும். அதையும் பட்டவள்தான் பேசுகிறேன். வயிற்றில் இடுப்பெலும்புக்கு இடுப்பெலும்பு நீளும் தழும்பைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டதையும் கவனித்தேன். அதிருக்கட்டும், 355-க்கு முன்னால் அந்தச் சொல் எங்கே?

யாழ்:
'பாதுகாப்பு' என்று இங்கே எதைச் சொல்கிறோம்? உயிருக்கு ஆபத்தின்மையையா, மறு அறுவை தேவைப்படாமையையா? அதை முதலில் வகுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மறுகரை:
என் தழும்பு எனக்குச் சுமையாக இல்லை. ஆயுளுக்கும் நிற்கும் கருவியன்று என்று அதே அமெரிக்க நிர்வாகம் சொல்கிற ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, அது கிழிந்ததா என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டிய வேலையும் எனக்கு இல்லை.

சான்றோன்:
வழவழப்பானவற்றில் ஒன்றுமே இல்லை என்பதுபோல் எழிலி எழுதுகிறார். உறையில் ஸ்குவாமஸ் செல் (செதிள் செல்) புற்றுநோயும் வேறு லிம்போமாக்களும் தோன்றியதாக 2022 செப்டம்பரில் அதே அமெரிக்க நிர்வாகத்திடமிருந்து வந்த அறிவிப்பு, வழவழப்பானவற்றையும் சேர்த்தே பேசுகிறது. மேலும், 2019-ல் திரும்பப் பெறப்பட்டவற்றில் சொரசொரப்பான திசு விரிப்பான்களும் இருந்தன. தங்களுக்கு வைத்தது எந்த வகை என்று எழிலி தெரிவிக்கலாமே.

எழிலி:
அதே 2022 அறிவிப்பு 'அரிது' என்றும் சொல்கிறது. அந்தச் சொல்லையும் விழுங்கியாயிற்று. சொற்கள் உங்களுக்கு நன்றாகவே செரிக்கின்றன. நோய் அறிகுறி இல்லாத பெண்கள் பயோசெல்லையே எடுக்க வேண்டியதில்லை என்று திரும்பப் பெற்ற நாளிலேயே அந்த நிர்வாகம் கூறியது. இம்பிளான்ட்டைச் சுற்றி வீக்கமோ வலியோ நீடித்தால் மருத்துவரிடம் போகச் சொன்னது. நேற்றுக் கேட்ட பெண்ணுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டு வரிகள். அவர் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

சான்றோன்:
கேள்வி விரிப்பானைப் பற்றியது. அந்தப் 10 பேருக்கும் நோய் தெரியவர 7 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு 8 ஆண்டு ஆகிறது என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள்.

எழிலி:
இம்பிளான்ட் அட்டை என் கையில்தான் இருக்கிறது, விரிப்பானின் வகைப் பெயரும் அதிலேயே குறித்திருக்கிறது. நேற்றைய உங்கள் வரியில் 'சொரசொரப்பான' என்று சேர்த்துவிட்டு வாருங்கள், படித்துக் காட்டுகிறேன்.

சான்றோன்:
355-ல் ஒருவர். ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை.