பெங்குவினும் ஆடிக் கூழும்

ஆயா வீட்டார் (குடும்பக் குழு), சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
2024 ஜூலை 14, ஞாயிறு

சரோஜா: "வானத்தில் இரண்டு கேலக்ஸிகள் மோதிவிட்டன. அதன் கதிர் பூமிக்கு வருகிறது. ஆடி மாதம் முழுக்க வெளியில் அடுப்பு மூட்டாதீர்கள். 12 பேருக்கு அனுப்புங்கள்."

சரோஜா: இப்படி ஒரு சேதி வந்தது, கூடவே படமும். 28ஆம் தேதி கூழ் ஊற்றுவதைத் தள்ளி வைப்போமா?

தேவி: அம்மா!!

ரவி: என்ன படம் பெரியம்மா

சரோஜா: நீலமாக ஒரு பறவை மாதிரி. பக்கத்தில் முட்டை.

பாக்கியம்: சோள மாவு 20 கிலோ வாங்கியாயிற்று அக்கா

செல்வம்: யாரும் எதையும் தள்ள வேண்டாம். இருங்கள், எழுதுகிறேன்.

ரவி: மாமா எழுதுகிறார். நான் டீ போட்டுக்கொண்டு வருகிறேன்

செல்வம்: அக்கா, படம் உண்மை, சேதி பொய். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்தது, 12ஆம் தேதிதான் வெளியிட்டார்கள். கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஆர்ப் 142 என்று பெயர். பறவையைப் பெங்குவின் என்றும் மற்றதை முட்டை என்றும் சொல்கிறார்கள். 32 கோடியே 60 லட்சம் ஒளியாண்டு தூரம், அதாவது வெளிச்சம் வந்து சேரவே அத்தனை வருடம் ஆகும். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் டைனோசர்கூடக் கிடையாது. இத்தனை காலம் வந்து இப்போதுதான் தொலைநோக்கியின் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. நம் அடுப்பை அது என்ன செய்யும்?

ரவி: பெங்குவினா! சைமன்ஸ் டவுன் கடற்கரையில் தேவி அக்காவின் சாண்ட்விச்சைப் பிடுங்கியதே

தேவி: அது கடற்காகம்

பாக்கியம்: மோதியது மோதியதுதானே அண்ணா

செல்வம்: மோதல் என்ற சொல்தான் பயமுறுத்துகிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே அவ்வளவு வெற்றிடம், ஒன்றோடு ஒன்று முட்டுவது அபூர்வம். ஈர்ப்புதான் இழுக்கிறது. பெங்குவினும் ஒரு காலத்தில் சுருள் வடிவக் கேலக்ஸிதான். முட்டை கிட்டே வந்து இழுத்ததில் வளைந்துபோயிற்று. பெங்குவினுக்குள் வாயுவும் தூசியும் நெருக்குப்பட்டு, புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. முட்டையில் இருப்பது கிழட்டு நட்சத்திரங்கள். எடை இரண்டுக்கும் ஏறக்குறைய சமம், அதனால் முட்டை குலையவில்லை.

தேவி: நிஜத்தில் நீலமா மாமா?

செல்வம்: நல்ல கேள்வி. வெப் பார்ப்பது அகச்சிவப்புக் கதிர், நம் கண்ணுக்குத் தெரியாது. அலைநீளம் குறைந்ததற்கு நீலம், கூடியதற்குச் சிவப்பு என்று பிறகு நிறம் கொடுக்கிறார்கள். கண்ணாடி 6.5 மீட்டர் அகலம், 18 துண்டுகள், எல்லாவற்றுக்கும் தங்கப் பூச்சு. அகச்சிவப்பைத் தங்கம் நன்றாகத் திருப்பி அனுப்பும்.

பாக்கியம்: எவ்வளவு தங்கம்?

செல்வம்: மொத்தமே சுமார் 48 கிராம்

பாக்கியம்: ஆறு பவுன். அம்மாவின் வளையலும் ஆறு பவுன்தான்.

சரோஜா: ஆரம்பிக்காதே பாக்கியம்

பாக்கியம்: கணக்குச் சொன்னேன்

தேவி: கூழ்??

செல்வம்: அதற்குத்தான் வருகிறேன். டோங்காட் ஊர் வீட்டில் அம்மா விடியுமுன் கூழ் கிண்டும்போது, கரும்புக்கு மேலே தெற்கே இரண்டு வெள்ளைத் திட்டுகளைக் காட்டுவாள். "காற்றுக்குக் கலையாத மேகம் பார்" என்பாள். அவை மெகல்லனிக் மேகங்கள். இரண்டுமே கேலக்ஸிகள். பெரியது 1.6 லட்சம் ஒளியாண்டு தூரம், சின்னது 2 லட்சம். பெங்குவினும் முட்டையும் போல இவையும் ஒன்றையொன்று இழுக்கின்றன, நடுவே வாயுவால் ஆன பாலமே இருக்கிறது. தொலைநோக்கி வேண்டாம், கண்ணே போதும். ஆகஸ்ட் 4 அமாவாசை, ஞாயிறு, நிலவு இருக்காது. காலை நாலரைக்கு நன்றாகத் தெரியும். கூழை அன்றைக்கு வைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

சரோஜா: அமாவாசை பெரியவர்களுக்குப் படைக்கிற நாள். அன்றைக்கு அம்மனுக்குக் கூழா?

பாக்கியம்: இங்கே தெருவிளக்கில் என்ன தெரியும் அண்ணா

ரவி: டோங்காட் வீட்டிலேயே ஊற்றலாமே

பாக்கியம்: பாலாவிடம் யார் கேட்பது

தேவி: சின்ன மாமாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார் சித்தி

சரோஜா: அந்தத் திட்டு எனக்கும் ஞாபகம் இருக்கிறது செல்வம். மாவு ஒட்டிய கையால் என் முகவாயைத் திருப்பிக் காட்டினாள்.

பாலா: கொல்லையில் அம்மாவின் அடுப்புக்கல் அப்படியே இருக்கிறது. பெரிய அண்டாவை யார் கொண்டு வருகிறீர்கள்?

சரோஜா: பாலா!! அண்டா பாக்கியத்திடம்.

பாக்கியம்: என்னிடம் இல்லை. போன வருடமே அக்கா வீட்டில் இறக்கினோம்.

ரவி: சரி, 28ஆ 4ஆ?

செல்வம்: 4

சரோஜா: ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன்