கேபிள் டிவி ஒயரில் வந்த இணையம்: உங்கள் அனுபவம்?

பெரம்பூர் வாசகர்:
எங்கள் வீட்டில் கேபிள் மோடம் இருந்தபோது டவுன்லோடில் குறையே இல்லை. சாயங்காலம் வீடியோ கால் போட்டால் மட்டும் எதிரில் இருப்பவர் பேசுவது தெளிவாகக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குப் போகாது. புகார் கொடுத்தால் மோடத்தை மாற்றிவிட்டுப் போவார்கள். இரண்டாம் நாளே பழையபடி ஆகிவிடும். பக்கத்து வீட்டிலும் இதே கதைதான்.

லைன் வேலை பார்த்தவர்:
பக்கத்து வீட்டிலும் என்றால் மோடத்தை மாற்றிப் புண்ணியமில்லை. அது ரிட்டர்ன் பாத் இரைச்சல், அதாவது வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போகும் வழியில் புகும் இரைச்சல்.

டிவிக்காகப் போட்ட கேபிள் ஒருவழிப் பாதை. தெரு ஆம்ப்ளிஃபையர் சிக்னலை வீட்டுப் பக்கம் மட்டுமே தள்ளும். இணையம் கொடுக்க, இருபக்கமும் வேலை செய்யும் ஆம்ப்ளிஃபையர் போட வேண்டும். ஒரே ஒயரில் அலைவரிசையைப் பிரித்து, 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரை வீட்டிலிருந்து போகும் டேட்டாவுக்கு (அமெரிக்காவில் வெகுகாலம் 42 வரைதான்). அதற்கு மேலே டிவி சேனல்களோடு சேர்ந்து வீட்டுக்கு வரும் டேட்டா. அங்கே 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றிலேயே சுமார் 50 எம்பிபிஎஸ் கிடைக்கும். போகும் வழியில் இடமும் குறைவு, சுத்தமும் குறைவு. சிற்றலை வானொலி, மோட்டார் இரைச்சல் எல்லாம் அங்கேதான் புகும்.

இதில் கொடுமை என்னவென்றால், வீட்டுக்கு வரும் சிக்னல் கெட்டால் பெரும்பாலும் அந்த ஒரு வீட்டோடு போகும். வீட்டிலிருந்து போகும்போது ஒரு நோடிலுள்ள (ஏரியாவின் கேபிள்கள் சேரும் பெட்டி) அத்தனை வீட்டு இரைச்சலும் ஒன்றாகத் திரண்டு சிஎம்டிஎஸ்ஸில் (எல்லா மோடங்களோடும் பேசும் கம்பெனிக் கருவி) போய் விழும். ஒரு வீட்டில் கனெக்டர் தளர்ந்தால் தெருவுக்கே அப்லோட் படுத்துவிடும். நாங்கள் நோடிலிருந்து கிளை கிளையாகக் கழற்றிப் பார்ப்போம். எதைக் கழற்றினால் அனலைசரில் (சிக்னலை அளந்து காட்டும் கருவி) இரைச்சல் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நடப்போம். கடைசியில் அகப்படுவது, டிவியை எடுத்துவிட்டு அப்படியே தொங்கவிட்ட ஒயராக இருக்கும். அந்த வீட்டுக்காரர் இணையமே வாங்கியிருக்க மாட்டார்! சும்மா கிடக்கும் ஒயர் முனைக்கு ஒரு டெர்மினேட்டர் (முனையை அடைக்கும் சிறு மூடி) போட்டுவிடுங்கள், ரொம்பச் சின்ன வேலை.

இன்னொருவர்:
மோடமின் 192.168.100.1 பக்கத்தில் அப்ஸ்ட்ரீம் பவர், அதாவது மோடம் எவ்வளவு பலமாக அனுப்புகிறது என்று பாருங்கள். 50 டிபிஎம்வியை (சிக்னல் பலத்தின் அளவு) தாண்டினால் மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஒயரைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குப் பின்னால் ஸ்பிளிட்டராக இருந்தது. இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொன்றும் சிக்னலில் சுமார் 3.5 டெசிபல் தின்னும். மோடத்துக்கு மட்டும் டேப்பிலிருந்து (தெருக் கேபிளிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இடம்) நேர் ஒயர் கேட்டு வாங்கினேன், அப்புறம் ஆபீஸ் மீட்டிங் அறுபடவில்லை.