68 வயது அப்பாவை ஜிம்மில் சேர்க்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். படி இறங்கும்போது முழங்கால் வலிக்கும். திடீரென்று ஜிம்மில் சேரப்போவதாகச் சொல்கிறார். அம்மாவோ, "நடந்தால் போதாதா?" என்கிறார்.

நான் அப்பா பக்கம்தான். 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், அதோடு 2 நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தடுமாறி விழாமல் இருக்க, 3 நாளாவது சமநிலைப் பயிற்சி. நடை மட்டும் இத்தனையையும் தந்துவிடாது. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். என் பயம் அதுதான். அப்பாவோ, பக்கத்தில் இருக்கும் இளைஞர் எதைத் தூக்குகிறாரோ அதையே தூக்கிப் பார்க்கும் ரகம்!

மருத்துவரைக் கேட்காமல் தொடங்கப்போவதில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: முழங்கால் வலி உள்ளவர்களுக்கு சைக்கிள், லெக் பிரஸ் (கால்களால் எடையைத் தள்ளும் கருவி) இரண்டில் எது ஒத்துவந்தது? தொடக்கத்தில் டம்பெல்லா, ரப்பர் பட்டையா? முதியவர்களைப் பழக்கத் தெரிந்த பயிற்சியாளரா என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?