அரசு அலுவலகத்திடம் திறந்த தரநிலைகளையும் கட்டற்ற மென்பொருளையும் முன்வைப்பது எப்படி?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருளில் (மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருள்) ஆர்வமுள்ள நாங்கள் சிலர் இதுவரை கல்லூரிகளில் பயிற்சி நடத்தி வந்தோம். இப்போது எங்கள் ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்தை அணுகியிருக்கிறோம். மன்றத் தீர்மானங்களையும் வரவுசெலவுக் கணக்கையும் அந்த அலுவலகம் இணையத்தில் வெளியிடுவது பாராட்டுக்குரியது. ஆனால் அவற்றில் பல ஒருங்குறிக்கு (எந்தக் கணினியிலும் ஒரே போல் தெரியும் யூனிகோட் முறை) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிகின்றன. எஞ்சியவை அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்த படங்கள். தெருவிளக்குப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவாயிற்று என்று அறிய விரும்புபவர் ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்வையற்றவருக்கு அந்த வழியும் இல்லை.

செயல் அலுவலர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். இதற்கு அரசாணை உண்டா, மென்பொருள் பழுதானால் யாரை அழைப்பது, மாவட்ட அலுவலகம் வேறு வடிவத்தில் கோப்பு அனுப்பினால் என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள். அடுத்த மாதம் எழுத்து வடிவில் ஒரு முன்மொழிவு தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அரசுத் துறைகளோடு பழகியவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பழைய கோப்பு (பதில்):

நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்த அலுவலர் கேட்டவை நியாயமான கேள்விகள். கையொப்பமிடுபவர்தான் நாளை தணிக்கைக்கு விடை சொல்ல வேண்டும் என்பதை மனத்தில் வைத்து முன்மொழிவை எழுதுங்கள்.

முதலில், தரநிலையையும் மென்பொருளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "இயங்குதளத்தை மாற்றுங்கள்" என்று தொடங்கினால் அலுவலகம் முழுவதும் அஞ்சும். "வெளியிடும் ஆவணங்கள் ஒருங்குறியில் இருக்கட்டும், எந்த ஒரு நிறுவனத்துக்கும் கட்டுப்படாத திறந்த வடிவத்தில் இருக்கட்டும்" என்று தொடங்கினால், எந்தக் கணினியையும் மாற்றாமலேயே அதைச் செய்ய முடியும். அதற்கு அடிப்படையும் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தமிழுக்கான குறியாக்கமாக ஏற்று அரசாணை வெளியிட்டது. ஒருங்குறி முறையாக இயங்காத பயன்பாடுகளுக்கு மட்டும் டேஸ்-16 என்னும் மாற்றுக் குறியாக்கத்தை அது வைத்தது. ஆகவே நீங்கள் புதிதாக எதையும் கோரவில்லை. அரசு தானே இட்ட ஆணையை நடைமுறைப்படுத்தும்படி கோருகிறீர்கள்.

இதோடு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(4)ஆம் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகவலை வெளியிடும்போது செலவையும் வட்டார மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும், இயன்றவரை மின்னணு வடிவில் எளிதாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. பார்வையற்றவரைக் குறித்து நீங்கள் எழுதியிருப்பது இன்னும் வலுவான அடிப்படை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் உள்ளவை அவர்களும் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின்மேல் வைக்கிறது. என்விடிஏ என்னும் திரைபடிப்பான் கட்டற்ற மென்பொருள். ஒருங்குறித் தமிழை அது உரக்கப் படிக்கும். அலுவலரின் மேசையிலேயே, அவர்கள் வெளியிட்ட ஒரு தீர்மானத்தையும் அதே தீர்மானத்தின் ஒருங்குறி வடிவத்தையும் அதில் படிக்கச் செய்து காட்டுங்கள். பத்துப் பக்க விளக்கம் செய்யாததை அது செய்யும்.

கணிப்பொறியாளர்_கோவை (பதில்):

பழைய கோப்பு ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். பழுதானால் யார் பொறுப்பு என்பதற்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலான முயற்சிகள் அங்கேதான் நின்றுபோகின்றன.

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவசம் என்று மட்டும் சொல்லி அலுவலகங்களை அணுகுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. இலவசமாக வந்த பொருளுக்குப் பராமரிப்பு இராது என்றே அலுவலர்கள் எண்ணுவார்கள்; அப்படி எண்ணுவதற்குக் காரணமும் இருக்கிறது. உரிமக் கட்டணமாகப் போகும் தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ஒதுக்கும்படி வெளிப்படையாகக் கேளுங்கள். மூல நிரல் எல்லோருக்கும் கிடைப்பதால், ஒரு நிறுவனத்தின் சேவை சரியில்லை என்றால் ஒப்பந்தத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றலாம். மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை இல்லை.

2015இல் மத்திய அரசு வெளியிட்ட திறந்த மூல (அதாவது கட்டற்ற) மென்பொருள் கொள்கையைப் படித்துவிடுங்கள். திறந்த மூல மென்பொருளையே முதல் விருப்பமாகக் கொள்ள முயல வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே அதற்கு இடமளிக்க வேண்டும், அதைத் தவிர்க்கும் வழங்குநர் தவிர்த்ததற்கான காரணத்தை எழுதித் தர வேண்டும், திறன், பாதுகாப்பு, விரிவாக்கம், ஆயுட்காலச் செலவு, ஆதரவு ஆகியவற்றை ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அது மத்திய அரசு அமைப்புகளுக்கானது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம். ஆயினும் அந்த ஒப்பீட்டு அளவுகோல்களை உங்கள் முன்மொழிவில் அப்படியே எடுத்தாளலாம். அதற்கு முன் 2010 நவம்பரில் வந்த மின்னாளுகைத் திறந்த தரநிலைக் கொள்கையும் உதவும். ஒரு தரநிலையைச் செயல்படுத்தத் தேவையான காப்புரிமைகள் அதன் ஆயுட்காலம் முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்றும், லாப நோக்கற்ற அமைப்பு அதைப் பராமரிக்க வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது.

அடுத்து வரப்போகும் ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒப்பந்தம் முடியும்போது எல்லாத் தரவும் திறந்த வடிவத்தில் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். சொத்துவரிப் பதிவேடு ஒரு வழங்குநருக்கு மட்டுமே தெரிந்த வடிவத்தில் சிக்கிக்கொண்டால், அடுத்த முறை அவர் கேட்கும் விலைதான் விலை.

நாஞ்சில் ஆசிரியை (பதில்):

எல்லைக்கு அருகில் வசிப்பதால் கேரளப் பள்ளிகளைக் கவனித்து வருகிறேன். அங்கே ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாறிய திட்டம், பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின் மேலேயே அமைத்தது. 2019இல் அவர்கள் வெளியிட்ட உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்காக உருவாக்கப்பட்டது. பாடநூல், தேர்வு, ஆசிரியர் பயிற்சி மூன்றும் ஒரே மென்பொருளைச் சார்ந்திருந்ததாலும், பயிற்சி அளித்தவர்களே ஆசிரியர்களாக இருந்ததாலும் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

நம் மாநிலத்தில் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், ஐஏஎஸ் அலுவலர் உமாசங்கர் அவர்கள் தலைமையில் இருந்தபோது சூசே லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறியது. நாடு முழுவதும் பேசப்பட்ட முயற்சி அது. அவர் மாற்றப்பட்ட பிறகு அதே வேகம் தொடரவில்லை. நல்ல அலுவலர் ஒருவர் கிடைத்தால் மகிழ்ச்சி அடையுங்கள், ஆனால் அவருடைய நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்காதீர்கள். தட்டச்சரையும் வரித்தண்டலரையும் பயிற்சிக்கு முதலில் அழையுங்கள். நாள் முழுவதும் அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். தமிழ்99 விசைப்பலகைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் வேலை குவியாதபடி அலுவலர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வடக்குவீதி (பதில்):

கோப்புப் பரிமாற்றத்தைப் பற்றி யாரும் தனியாக எழுதவில்லை. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் மாநகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அரசியல் தலைமை மாறியதும், பிற அலுவலகங்களோடு ஆவணம் பரிமாறுவதில் ஊழியர்கள் பட்ட தொல்லையும் அதற்கான காரணங்களுள் அடங்கும். அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ, சுமார் 30,000 கணினிகளில் லிப்ரே ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளைக் கொண்டுவருவதாக 2024இல் அறிவித்தது. ஒரு மாநகரம் தனியாக மாறுவதைவிட ஒரு மாநில நிர்வாகம் முழுவதும் சேர்ந்து மாறும்போது பரிமாற்றச் சிக்கல் குறையும். நீங்கள் இருப்பது ஒரே ஒரு பேரூராட்சி. எனவே உள்ளே வரும் கோப்பை எந்த வடிவத்திலும் பெற்றுக்கொள்ளட்டும். வெளியே போவதை மட்டும் நீங்கள் முறைப்படுத்துங்கள்.

காவிரிக்கரை:

அனைவருக்கும் நன்றி. இயங்குதளம் பற்றிய பகுதியை முன்மொழிவிலிருந்து நீக்கிவிட்டோம். வெளியிடும் ஆவணங்களோடு மட்டும் தொடங்குவதாக இருந்தால் எந்தெந்த வடிவங்களைக் குறிப்பிட வேண்டும்? பழைய ஆவணங்கள் அனைத்தையும் மாற்றித் தருவதாக நாங்கள் பொறுப்பேற்கலாமா?

பழைய கோப்பு:

திருத்தக்கூடிய ஆவணத்துக்கு 2006இல் பன்னாட்டு ஐஎஸ்ஓ தரநிலையான ஓடிஎஃப் (திறந்த ஆவண வடிவம்), நிலையாகப் பாதுகாக்க வேண்டியதற்குப் பிடிஎஃப்-ஏ, வரவுசெலவு அட்டவணைக்குச் சிஎஸ்வி என்று குறிப்பிடுங்கள்; எழுத்து எதிலும் ஒருங்குறிதான். பழையவை அனைத்தையும் பொறுப்பேற்காதீர்கள். எழுத்துருவை மாற்றும் கருவிகள் பெரும்பகுதியைச் சரியாக மாற்றினாலும் ஒற்றும் கொம்பும் இடம் மாறிவிடுவதுண்டு. மன்றத் தீர்மானத்தில் அப்படி ஒரு பிழை நேர்ந்தால் அது சட்டச் சிக்கலாகும். நடப்பு நிதியாண்டின் ஆவணங்களை மட்டும் மாற்றி, அலுவலகமே மூலத்தோடு ஒப்பிட்டுச் சான்றளித்த பிறகு வெளியிடட்டும். முன்மொழிவின் நகலை மன்றத் தலைவருக்கும் கொடுங்கள். மன்றத் தீர்மானமாக நிறைவேறிவிட்டால், செயல் அலுவலர் இடமாற்றம் பெற்றாலும் அடுத்து வருபவர் அதைப் பின்பற்றியாக வேண்டும்.